செத்த காசு

"நாணயம் நிறைந்த மனிதர்" என்று நினைவு மலரின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து வெளியே வரும்போது, வாசலில் நின்று ஆளுக்கொன்று கையில் திணித்தார்கள். காரில் உட்கார்ந்து புரட்டினேன். அந்த வரியைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, கெட்ட கோபமும் வந்தது. நாணயம் நிறைந்தவர்தான், யார் இல்லை என்றார்கள்? அலமாரி அலமாரியாக நிறைந்திருந்தது. மனுஷனிடம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

அட்டையில் இரண்டு முகங்கள். இடது பக்கம் இறந்துபோன அங்கிள், கோட்டும் டையுமாக. வலது பக்கம் தங்கக் காசில் ஒரு கிரேக்க ராஜா. ராஜாவின் தலைக்கு மேலே படத்தை ரொம்பவும் நெருக்கி வெட்டியிருந்தார்கள். ஏன் வெட்டினார்கள் என்று எனக்குத் தெரியும், பின்னால் சொல்கிறேன். அன்ரிக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி கிடைத்திருந்தது: "அன்னாரின் ஆய்வுப் பணிக்கு உறுதுணையாய் நின்ற துணைவியார்." பெயர்கூட இல்லை. மலர் போட்டவர்களுக்கு அவர் பெயர் தெரியாதா? எல்லோரும் அந்த வீட்டு ஹாலில் உட்கார்ந்து அன்ரி போட்ட தேத்தண்ணியைக் குடித்தவர்கள். என்னிடம் யாரும் கட்டுரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதைத்தான் கொடுத்திருப்பேன்.

நான் திருச்சிக்காரி. நர்ஸிங் படிக்க மெல்பர்ன் வந்த புதிதில், மல்கிரேவில் யாழ்ப்பாணத்துக்காரர்களான இந்த அங்கிள், அன்ரி வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, கல்யாணமாகி கிரான்பர்ன் போகிற வரைக்கும் அங்கேதான். அதனால் காதில் விழுந்ததை எழுதவில்லை, அவர்கள் வீட்டுக் குசினியில் உட்கார்ந்து கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். சமையலறைக்குக் குசினி என்று பெயர் என்பதையே அந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

போன முதல் நாளே அங்கிள் என்னை ஹாலுக்குக் கூப்பிட்டார். பெட்டியை இறக்கி வைத்து முகம்கூடக் கழுவவில்லை. ஒரு ஜோடி வெள்ளைப் பருத்திக் கையுறையை நீட்டினார்.

"போடும். கையில எண்ணெய் இருக்கும்."

பூட்டிய அலமாரியிலிருந்து ஒரு சின்ன வட்டப் பெட்டியை எடுத்தார். அதற்குள் அந்தக் காசு. ஒரு பவுன் அளவுதான் இருக்கும், வட்டம்கூடச் சரியில்லை, ஒரு பக்கம் கொஞ்சம் பிதுங்கியிருந்தது. ஆனால் அந்த முகம் இருக்கிறதே, அதை நான் மறைக்கக் கூடாது. சுருட்டை முடி, அதைச் சுற்றி ஒரு நாடா, கூர் மூக்கு, யாரையும் மதிக்காத உதடு. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி ஆப்கானிஸ்தான் பக்கம் ஆண்ட கிரேக்க ராஜாவாம். மறுபக்கம் அவர்களுடைய கடவுள் ஒருவர் இடியைத் தூக்கி எறிய நிற்கிறார்.

"விளிம்பில பிடியும். விளிம்பில! நடுவில விரல் படக் கூடாது."

பிடித்தேன். ராஜாவின் அப்பா யார், எதிரி யார், யாரை ஏமாற்றி ஆட்சிக்கு வந்தான், மனைவிமார் எந்தெந்த நாட்டுக்காரிகள் என்று பேர் பேராகச் சொன்னார். நடுவில் ஒரு அம்மா வந்து தேத்தண்ணியை மேசையில் வைத்தார். ஒல்லியான உடம்பு, பூப்போட்ட நைட்டி, அதன் மேல் ஸ்வெட்டர். அங்கிள் திரும்பாமலே, "அங்கால வையும், ஈரம்" என்றார். அந்த அம்மா எடுத்துக்கொண்டு அங்கால போனார். சமையலுக்கு ஆள் வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, "யார் அங்கிள் அவங்க?" என்று கேட்டேன்.

"வீட்டில" என்றார்.

எங்கள் ஊரிலும் ஆண்கள் பெண்டாட்டியை "வீட்டுல" என்றுதான் சொல்வார்கள், எனக்கு அது புதிதில்லை. ஆனால் செத்து இரண்டாயிரம் வருஷமான ஒருத்தனின் மனைவிமார் பெயரெல்லாம் வரிசையாக வருகிறது, தேத்தண்ணி கொண்டு வந்தவளுக்கு மட்டும் பெயர் வரவில்லை என்றால் வயிறு எரியாதா? எனக்கு எரிந்தது. அதனால்தான் அந்த ராஜாவின் பெயரை இங்கே நான் சொல்லப்போவதில்லை. பதிலுக்குப் பதில்.

விளிம்பில் பிடிப்பது என்பது காசோடு நிற்கிற பழக்கம் இல்லை, அது அவருடைய சுபாவம். தேத்தண்ணிக் கோப்பையை விளிம்பில் பிடிப்பார். ஃபோட்டோவை விளிம்பில் பிடிப்பார். யாராவது கை குலுக்க வந்தால் விரல் நுனியை மட்டும் கொடுத்து எடுத்துக்கொள்வார். மகளுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஒற்றை விரலின் பின்பக்கத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "காயுது" என்று அன்ரியிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவாராம். மகளே சிரித்துக்கொண்டு சொன்னதுதான் இது. சிரித்துக்கொண்டு சொன்னாள், ஆனால் அப்பா வேலை முடிந்து வீட்டுக்குள் வந்தால் அவள் எழுந்து தன் அறைக்குப் போய்விடுவாள்.

நியாயமாகவும் பேச வேண்டும். ஒரு நாள் நல்ல மழை. ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டு நின்றேன். நான் கேட்காமலே கார் எடுத்து வந்தார். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. கதவைத் திறந்தால் சீட் முழுக்கப் பேப்பர் விரித்து வைத்திருக்கிறார், நான் நனைந்து உட்காரப் போகிறேனே என்று. வழியெல்லாம், "சாயாதையும் பிள்ளை, பேப்பர் விலகுது" என்றபடியே ஓட்டினார். இதற்கு நன்றி சொல்வதா, கதவைத் திறந்து குதிப்பதா? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அவர் அடிக்கடி சொல்கிற வசனம் ஒன்று உண்டு. "வளையம் வைச்ச காசு செத்த காசு." பழைய காசில் வளையம் பற்றவைத்துக் கழுத்தில் தொங்கவிட்டால், காசு சேர்ப்பவர்கள் அதைக் கையால் தொட மாட்டார்களாம். அதன் மதிப்பு போய்விடும். உருக்கினால் தங்கம், அவ்வளவுதான். தமிழ்ச் சங்கத்தில் பேசினாலும் இதைச் சொல்லுவார், வீட்டுக்கு வந்தவர்களிடமும் சொல்லுவார்.

ஒருமுறை கிளேட்டன் பக்கத்திலிருந்து ஒரு வயதான அம்மா பஸ் பிடித்து வந்தார். தன் அம்மாவின் கழுத்தில் கிடந்த காசு என்று கைலேஞ்சி என்று அவர்கள் சொல்கிற கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். எந்தக் காலத்துக் காசு என்று தெரிந்துகொள்ள ஆசை, விற்க இல்லை. அங்கிள் பார்த்தார். கையில் எடுக்கக்கூட இல்லை, பேனா நுனியால் புரட்டினார்.

"வளையம் வைச்சுப் போட்டினம். இது செத்த காசு. உருக்கத்தான் சரி."

அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏதோ பிள்ளை பெயிலாகிவிட்டது போலத் தலையைக் குனிந்துகொண்டு கைலேஞ்சியை மறுபடி முடிந்தார். அன்ரிதான் அவரைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். கதிரையில் உட்காரவைத்து, தேத்தண்ணியும் ரோல்ஸும் கொடுத்தார்.

"அக்கா, உங்கட அம்மான்ர கழுத்தில கிடந்ததெல்லோ? அது காணும், வேற மதிப்பு வேண்டாம். அவருக்கு அது விளங்காது."

அன்ரி அவரைப் பற்றி வெளியாள் முன்னால் ஒரு சொல் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளே குதூகலம். "இன்னும் நாலு சொல்லுங்க அன்ரி" என்றேன். "போம் பிள்ளை, படிக்கப் போம்" என்று விரட்டிவிட்டார்.

இனி அன்ரியின் கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் தாலிச் செயின் என்போம், அவர்கள் தாலிக்கொடி என்கிறார்கள். நம் செயின் எல்லாம் அதன் பக்கத்தில் நூல். நல்ல கனமான கொடி, நடுவில் தாலி, தாலிக்கு இந்தப் பக்கம் ஒரு பவுன் காசு, அந்தப் பக்கம் ஒரு பவுன் காசு, வெள்ளைக்காரன் காலத்து ராஜா தலை போட்டது. இரண்டும் ஒரே எடை. அதனால்தான் தாலி சரிந்து போகாமல் நெஞ்சின் நடுவில் நிற்கும். அன்ரியின் காசு இரண்டும் அவருடைய அம்மாவின் கொடியிலிருந்து வந்தவை. இலங்கைப் போர் நேரத்தில் வீட்டை விட்டு ஓடும்போது பால்மாப் பேணிக்குள், அதாவது பால்பவுடர் டின்னுக்குள், கொடியைப் போட்டு, மேலே மாவைக் கொட்டி, பிள்ளைக்குப் பால்மா என்று சொல்லி ஒவ்வொரு சோதனைச்சாவடியையும் தாண்டிக் கொண்டுவந்தவர் அன்ரி. அங்கிள் அப்போது கொழும்பில் இருந்தார். இங்கே வந்த பிறகு, வீட்டில் வைத்தால் பாதுகாப்பில்லை என்று கொடியை வாங்கி பாங்க் லாக்கரில் வைத்துவிட்டார். லாக்கர் அவர் பெயரில் இருந்தது. அன்ரி தினமும் போட்டுக்கொண்டது ஒரு மெல்லிய சங்கிலிதான்.

அந்தக் காசு ஒன்றில் அங்கிள் ஒரு அதிசயம் கண்டுபிடித்திருந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, மறுபக்கத்துக் குதிரை வீரனின் காலடியில் எறும்பளவுக்கு ஒரு ஆங்கில எழுத்து, 'எம்'. மெல்பர்னில் அடித்த காசு! இங்கே அடித்து, எந்தக் கப்பலிலோ யாழ்ப்பாணம் போய், ஒரு பெண்ணின் தாலிக்கொடியில் ஏறி, அவள் மகள் கழுத்தில் மறுபடி மெல்பர்னுக்கே வந்துவிட்டது. இதை வைத்துச் சங்கத்தில் ஒரு பேச்சுப் பேசினார். ஹால் நிரம்பி வழிந்தது. திரையில் காசைப் பெரிதாக்கிக் காட்டினார். மேலே வளையம் தெரியாமல் வெட்டியிருந்தார். ஜனங்கள் கை தட்டினார்கள். நான் ஹாலின் பின்பக்கக் குசினியில் அன்ரியோடு நின்று தட்டில் பற்றிஸ் பலகாரம் அடுக்கிக்கொண்டிருந்தேன். அன்ரி கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"பிள்ளை, அது என்ர காசு. என்ர அம்மான்ர."

"உங்க பேரைச் சொன்னாரா அன்ரி?"

"அவர் அதெல்லாம் சொல்ல மாட்டார். காசைக் காட்டினாரெல்லோ" என்று சொல்லிவிட்டு மறுபடி பற்றிஸ் அடுக்கப் போனார்.

அன்றைக்குத் திரையில் காட்டியபோது அந்தக் காசு அவர்களிடம் இல்லை. அன்ரிக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. மேடையில் நின்று மணிக்கணக்காகப் பேசியவருக்குத் தெரியும்.

மகளுக்குக் கல்யாணம் வந்தது. அன்ரி கேட்டது ஒன்றே ஒன்றுதான், கொடியை லாக்கரிலிருந்து எடுத்துத் தாருங்கள், மணவறையில் நான் என் கொடியோடு நிற்க வேண்டும். புதுச் சீலைகூட வேண்டாம் என்றுவிட்டார். அங்கிள் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தார். கடைசியில் மகள், "டாட், சீரியஸ்லி? ஜஸ்ட் கெட் இட்!" என்று கத்தியதும் போய் எடுத்து வந்தார். குசினி மேசையில் பெட்டியை வைத்துவிட்டு நழுவப் பார்த்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு அங்கேயே இருந்தேன்.

அன்ரி பெட்டியைத் திறந்தார். கொடி இருந்தது, தாலி இருந்தது, ஒரு பக்கக் காசு இருந்தது. மறுபக்கம் வெறும் கண்ணி.

"இஞ்சருங்கோ, ஒண்டைக் காணேல்லை."

அங்கிள் வாசல் நிலையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்சமாவது வெட்கப்படுவார் என்று பார்த்தேன்.

"அது அப்பவே குடுத்தாச்சு. ராசா ஏலத்துக்கு வந்த நேரம் பணம் கொஞ்சம் குறைஞ்சுபோச்சு. விட்டால் திரும்பக் கிடைக்குமே?"

"எது, அம்மான்ர மெல்பேண் காசோ?"

"ஓம். அது வளையம் வைச்சது, செத்த காசு. நான் போட்டோ எடுத்து வைச்சிருக்கிறன்தானே."

போட்டோ எடுத்து வைத்திருக்கிறாராம்! கையிலிருந்த கத்தியை மேசையில் போட்டேன். "அங்கிள், அது அவங்க தாலி!" என்று கத்தியே விட்டேன். வாடகைக்கு இருக்கிறவள் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. அவர் என்னை நாற்காலியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு அன்ரியிடம் சொன்னார்: "தாலியில நான் கை வைக்கேல்லை. மற்றக் காசு இருக்குதெல்லோ. ரெண்டு எதுக்கு?"

அன்ரி அழவில்லை. கொடியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மைக்ரோவேவ் கதவின் கறுப்புக் கண்ணாடியில் பார்த்தார். ஒரு பக்கம்தான் கனம், தாலி இடது பக்கமாகச் சரிந்து தொங்கியது. விரலால் நடுவுக்குத் தள்ளினார். மறுபடி சரிந்தது.

"சரிஞ்சு கிடக்குது" என்றார்.

"சீலையால மூடி விடும். ஆருக்குத் தெரியப் போகுது" என்றார் அங்கிள்.

இப்படி ஒரு பதிலை ஒரு மனிதன் சொல்ல முடியுமா? ஐயா, மலர் போட்ட பெரியவர்களே, உங்கள் நாணயம் நிறைந்த மனிதர் சொன்னார். நான் அங்கேயே நின்று கேட்டேன்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் அன்ரி என்னிடம், "பிள்ளை, டண்டினோங்குக்கு ஒருக்காக் கூட்டிக்கொண்டு போறீரே? பத்தரிட்டை ஒரு வேலை இருக்குது" என்றார். புதுக் காசு வாங்கித் தொங்கவிடப் போகிறார் என்று நினைத்தேன். எனக்கு அதுவே ஆத்திரமாக இருந்தது. அவர் தின்றதற்கு இவர் ஏன் வாங்கிப் போட வேண்டும்? ஆனாலும் ஓட்டிக்கொண்டு போனேன்.

கடையில் அன்ரி முதலில் கொடியை எடுத்து வைத்தார். அப்புறம் மூடியிருந்த வலது கையைத் திறந்தார். உள்ளங்கை நடுவில் ராஜா உட்கார்ந்திருந்தான்.

பெட்டி இல்லை, கையுறை இல்லை. காரில் வந்த வழி முழுக்க அதைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். ராஜாவின் முகமெல்லாம் வியர்வை.

"அன்ரி, அலமாரி பூட்டியிருக்குமே? சாவி ஏது?"

"திறப்பு சாமிப் படத்துக்குப் பின்னால கிடக்கும். அங்க நான்தானே தூசி தட்டுறனான்." பத்தர் பக்கம் திரும்பினார். "தம்பி, இதுக்கு ஒரு வளையம் வைச்சு, இந்தப் பக்கம் கோத்துத் தாரும்."

பத்தர் காசை வாங்கிப் புரட்டினார். வாலிப வயது, காதில் கடுக்கன். "இது ஆரின்ர தலை அன்ரி? ராணியும் இல்லை, ஜோர்ஜும் இல்லை."

"இது என்ர மனுசன்ர ராசா."

பத்தர் கொடியிலிருந்த பவுன் காசைக் கழற்றி, அதையும் ராஜாவையும் தராசில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். "நிறை கிட்டத்தட்டச் சரி. ஆனால் வட்டம் கோணலாக் கிடக்குது. கொஞ்சம் தட்டி வட்டமாக்கி விடட்டே?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அன்ரி யோசித்தார், உண்மையிலேயே யோசித்தார்.

"வேண்டாம். அவன் கோணலாவே இருக்கட்டும்."

பத்தர் உள்ளே எடுத்துக்கொண்டு போனார். நான் தடுத்திருக்கலாம் என்று பின்னால் என் வீட்டுக்காரர் சொன்னார். உலகத்திலேயே கொஞ்சம்தான் இருக்கிற காசு, சரித்திரம், அது இது என்றார். எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. சரித்திரத்தைப் பால்மாப் பேணிக்குள் போட்டுக் கொண்டுவந்தவளின் சரித்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது? நெருப்பு சீறுகிற சத்தம் கேட்டது. அன்ரி கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ரோல்ஸுக்கு மீன் எந்தக் கடையில் மலிவு என்று என்னிடம் பேசிக்கொண்டிருந்தார்.

கல்யாண வேலையில் அங்கிள் அலமாரியைத் திறக்கவில்லை போலிருக்கிறது. மணவறையில்தான் பார்த்தார். தாரை வார்க்கிற நேரம். பெண்ணின் கையை அப்பா பிடிக்க வேண்டும், அம்மா செம்பிலிருந்து தண்ணீர் விட வேண்டும். நான் பூத்தட்டோடு அன்ரிக்குப் பின்னால் நின்றேன். அன்ரி செம்பைத் தூக்கிக் குனிந்ததும் கொடி முன்னால் ஆடியது. நடுவில் தாலி, கொஞ்சம்கூடச் சரியாமல். அந்தப் பக்கம் பவுன் காசு, இந்தப் பக்கம் ராஜா.

அங்கிள் பிள்ளையின் கையை விட்டுவிட்டுக் கொடிக்குக் கை நீட்டினார்.

"என்ன... என்ன செய்து வைச்சிருக்கிறீர்?"

அன்ரி குரலை உயர்த்தவில்லை. "ஐயர் பாத்துக்கொண்டு நிக்கிறார். பிள்ளையின்ர கையைப் பிடியுங்கோ." அவர் மகளின் விரல் நுனியைத் தொட்டார். "வடிவாப் பிடியுங்கோ. விளிம்பில இல்லை, முழுக் கையையும்."

பிடித்தார். அந்த மனிதர் எதையாவது முழுசாகப் பிடித்து நான் பார்த்தது அப்போதுதான். மகள் அழுதுவிட்டாள். சடங்குக்கு அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஹாலில் வெடித்தார். "உமக்கு விசரே? அது எப்பிடிப்பட்ட காசெண்டு தெரியுமே? வளையத்தை வைச்சு நாசமாக்கிப் போட்டீர்! இனி அது செத்த காசு!"

அன்ரி மாலையைக் கழற்றிக் கதிரையில் போட்டார். "ஓம். என்ர அம்மான்ர காசும் செத்ததுதானே. ரெண்டும் சோடியாக் கிடக்கட்டும்."

அதற்கப்புறம் கொடி லாக்கருக்குப் போகவில்லை. சமைக்கும்போதும், துணி காயப்போடும்போதும், பேரப்பிள்ளை பிறந்ததும் அதைத் தோளில் போட்டுத் தட்டும்போதும் ராஜா அன்ரியின் கழுத்தில் கிடந்தான். குழந்தை அவன் மூக்கைச் சப்பி வைத்தது. மஞ்சளும் எண்ணெயும் தினமும் பட்டுக்கொண்டே இருந்தது. தங்கம் கெட்டா போயிற்று? முன்னைவிடப் பளபளத்தது.

அங்கிள் போய்ச் சேர்ந்த அன்று, பெண்கள் கூடிக் கொடியைக் கழற்றச் சொன்னார்கள். அன்ரி கழற்றினார். தாலியைச் சவப்பெட்டிக்குள் அவர் நெஞ்சின் மேல் வைத்தார். காசு இரண்டையும் அதற்கு முன்பே கழற்றிக் கைக்குள் வைத்திருந்தார். இப்போது மெல்லிய சங்கிலியில் இரண்டையும் போட்டிருக்கிறார். அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர்களுக்கு அதைத்தான் காட்டினார். அந்த வளையத்தைத்தான் வெட்டிவிட்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. அங்கிள் நன்றாக இருந்தபோது, சிட்னியிலிருந்து ஒரு பேராசிரியர் ராஜாவைப் பார்க்க வந்தார். சங்கத்துப் பெரியவர்களும் கூட வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அன்றைக்கு அன்ரியைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தேன். பழக்கத்தில் அங்கிள் கையுறையைப் போட்டுக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பினார். அலமாரியில் என்ன இருக்கிறது? கதவில் வைத்த கையை எடுத்தார். அப்புறம் குசினிப் பக்கம் பார்த்து, "இஞ்ச ஒருக்கா வாரும்" என்று கூப்பிட்டார். ஒரு கதிரையை அவரே இழுத்துப் போட்டார்.

அன்ரி ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அந்த ஹாலில், விருந்தாளிகள் இருக்கும்போது, அவர் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. பேராசிரியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, அன்ரியின் கழுத்தில் கிடந்த தங்க முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அற்புதம்! யார் இது?" என்று கேட்டார்.

அங்கிள் வாயைத் திறந்தார். அதற்கு முன் அன்ரி சொல்லிவிட்டார். அப்பா பெயரோடு சேர்த்து, தன் முழுப் பெயரையும், சத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக.

அங்கிள் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ராஜாவின் பெயரை அவர் சொல்லவே இல்லை.

மலர் போட்ட ஐயாமாரே, அன்றைக்கு அந்த ஹாலில் நீங்களும்தான் இருந்தீர்கள். கையில் அன்ரி போட்ட தேத்தண்ணி இருந்தது. அவர் தன் பெயரைச் சொன்னது உங்கள் காதில் விழவில்லையா?